தராசு பொறித்த கத்தி

பழைய தமிழ் அகராதிகளில் பயனெட்டுக்குத் ‘துப்பாக்கிச் சனியன்’ என்று ஒரு பெயர் இருக்கிறது. இந்துஸ்தானியில் அதைச் சங்கீன் என்பார்கள். அந்தச் சொல் பட்டாளத்துக்காரர்கள் வாயில் தேய்ந்து தேய்ந்து சனியன் ஆகியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். இது முன்பே தெரிந்திருந்தால் அப்பாவிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பேசியிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டுசெல்டோர்ஃபிலிருந்து தருமபுரிக்கு வாட்ஸ்அப் கால். புதிதாக வாங்கியதைக் கேமரா முன்னால் பிடித்துக் காட்டினேன்.

“என்னடா அது?”

“பயனெட்டுப்பா. ஜெர்மன் போலீஸோடது. தொண்ணூறு வருஷம் பழசு.”

“சனியனைக் காசு குடுத்து வாங்குனியா?”

எனக்குத் திட்டு மாதிரிதான் கேட்டது. அவர் திட்டவில்லை. ஆயுதப்படையில் அவருக்குக் கவாத்து சொல்லிக்கொடுத்த பழைய ஆட்கள் அதை அப்படித்தான் சொல்வார்களாம். பின்னாலிருந்து அம்மா, “எவ்ளோ ஆச்சு?” என்றார். இருநூற்று எண்பது யூரோ. அதை நான் ரூபாயில் சொல்லவில்லை.

அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “பிளேடு எத்தன இஞ்ச்சு?”

“பதிமூணு இருக்கும்.”

“அப்ப இங்க தூக்கிட்டு வந்துராத. ஒம்போது இஞ்ச்சுக்கு மேல போனா ஆர்ம்ஸ் ஆக்ட்டு. ஏர்போர்ட்டுலயே உக்கார வெச்சுருவான்.”

உண்மைதான். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் பட்டியலில் வாள், குத்துவாள், ஈட்டி இவற்றோடு பயனெட்டும் இருக்கிறது. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால் லைசென்ஸ் வேண்டும். ரிட்டயர் ஆகி ஐந்து வருடம் கழித்தும் அவருக்கு அது நாக்கு நுனியில் இருந்தது. அதனால் நான் எழுதப்போகிற கத்திகள் எதையும் அப்பா கையில் வாங்கிப் பார்த்ததில்லை.

*

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் மான்கொம்பில் ஆரம்பித்தது என்பேன்.

மேல்படிப்புக்காக டுசெல்டோர்ஃப் போனவன், வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பழம்பொருள் சந்தைகள் கூடும். கோப்பை, கடிகாரம், யாரோ செத்துப்போன பாட்டியின் மேசைவிரிப்பு, மெடல். ஒரு மேசையில் அந்தக் கத்தி கிடந்தது. கைப்பிடியின் இரண்டு பக்கமும் மான்கொம்புச் சில்லுகள். காய்ந்த ஏரி மண் மாதிரி வரிவரியாக, பழுப்பும் தந்த நிறமும். கைப்பிடி முடிகிற இடத்தில் நிக்கலில் செய்த கழுகின் தலை. கைக்குக் காப்பாகக் கீழ்நோக்கி வளைந்த ஒரு சிப்பி. கறுப்புத் தோல் உறை, அதன் வாயிலும் நுனியிலும் உலோகப் பூண். கையில் எடுத்தேன். குளிர்காலக் காலையில் உலோகம் சில்லென்று இருந்தது, கொம்பு மட்டும் இதமாக இருந்தது. அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன்.

அது சண்டைக்கான பயனெட் இல்லை. அணிவகுப்பிலும் விழாக்களிலும் காவல்காரர்கள் இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பதற்காகச் செய்தது. அலகில் கூர்மை கிடையாது, பளபளப்பு மட்டும்தான். சிலவற்றில் துப்பாக்கியில் மாட்டுவதற்கான காடிகூட உண்மையில் வேலை செய்யாது. மாப்பிள்ளைக்கு இடுப்பில் ஒரு கத்தி கொடுக்கிற வழக்கம் சில சமூகங்களில் உண்டல்லவா, ஏறக்குறைய அந்த மாதிரி.

இவற்றில் பெரும்பாலானவை ஸோலிங்கனில் செய்யப்பட்டவை. டுசெல்டோர்ஃபிலிருந்து உள்ளூர் ரயில் ஏறினால் சீக்கிரமே போய்விடலாம். வுப்பர் ஆற்றங்கரையில் நீர்ச்சக்கரத்தை வைத்துச் சாணை பிடித்துப் பல நூற்றாண்டுகளாகக் கத்தி செய்கிற ஊர். 1938இல் சட்டமே போட்டார்கள், ஸோலிங்கன் வட்டாரத்தில் செய்யாத கத்தியில் ஸோலிங்கன் என்று பொறிக்கக் கூடாது என்று. நம்மூரில் முடிவெட்டுகிற கடைகளில் பழைய ஆட்கள் ‘ஜெர்மன் கத்தி’ என்று பெருமையாகச் சொல்வார்களே, அந்தப் பெருமைக்குப் பின்னாலிருக்கும் ஊர் இதுதான்.

சேகரிக்கிறவனுக்குக் கத்தியைவிட முக்கியம் அதில் உள்ள எழுத்து. அலகின் அடியில் செய்தவரின் முத்திரை இருக்கும். அணில் என்றால் கார்ல் ஐக்ஹார்ன். தெர்மாமீட்டர் என்றால் ஹோலர். தலைக்கவசம் போட்ட வீரனின் தலை என்றால் வேயர்ஸ்பெர்க் கிர்ஷ்பாம். கைக்காப்பில் பிரிவின் எண்: எஸ். டி. என்று ஆரம்பித்தால் டுசெல்டோர்ஃப் காவல்துறை, அதன் பின்னால் எந்தப் பிரிவு, எத்தனையாவது கத்தி. உறையிலும் அதே எண் இருந்தால் விலை ஏறும். எண் பொருந்தாவிட்டால் வேறு வேறு வீட்டிலிருந்து வந்த ஜோடி என்று அர்த்தம். இரவில் பூதக்கண்ணாடியும் டார்ச்சுமாக உட்கார்ந்து ஒரு தேய்ந்த எழுத்தைப் படித்துவிட்டால் ஏற்படும் சந்தோஷம் இருக்கிறதே, அதை வேறு எதனோடும் ஒப்பிட எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வருடத்தில் மூன்று கத்திகள் சேர்ந்தன.

*

பார்க்கிறவர்கள் கேட்பார்கள். “இதையெல்லாம் வீட்டுல வெச்சிருக்கியே, ஒரு மாதிரி இல்லையா?” கூடத் தங்கியிருந்த நண்பன் கேட்டான். அலுவலகத்து ஜெர்மன்காரர் ஒருவர் கேட்கவில்லை. அதன் பிறகு வீட்டுக்கு வரவும் இல்லை.

என்னிடம் பதில் தயாராக இருந்தது. ‘இது யாரையும் குத்தியதில்லை. குத்துவதற்குச் செய்ததும் இல்லை.’

அந்தப் பதில் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. நாங்கள் தகடூர்க்காரர்கள். தருமபுரியின் பழைய பெயர் அது. அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர் என்று எந்தப் பள்ளி விழாவிலும் யாராவது பேசாமல் இருக்கமாட்டார்கள். நெல்லிக்கனி கதை எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது இன்னொன்று. அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். அதைப் பார்த்து ஔவை சொன்னது புறநானூற்றில் 95ஆம் பாட்டாக இருக்கிறது. உன் ஆயுதங்கள் மயில்தோகை கட்டி, மாலை சூட்டி, நெய் பூசி, காவலுள்ள பெரிய வீட்டில் அழகாக இருக்கின்றன. அவன் ஆயுதங்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வது போல் ஒரு குத்து.

வகுப்பில் எல்லோரும் கைதட்டினோம். எங்க ஊரு ஜெயிச்சதே! வளர்ந்த பிறகு அதையே திருப்பிப் போட்டுக்கொண்டேன். நெய் பூசிய ஆயுதம் என்றால் ரத்தம் படாத ஆயுதம். கொல்லன் பட்டறையில் கிடப்பதை விடக் கண்ணாடிப் பெட்டியில் இருப்பது மேல். ஔவை கிண்டல் செய்த அந்தப் பளபளப்பே என் கத்திகளின் நிரபராதத்துக்குச் சாட்சி. மாதம் ஒருமுறை அலகுக்கு எண்ணெய் தடவும்போது எனக்கு மனசு சுத்தமாகத்தான் இருந்தது.

பளபளப்பு எனக்குப் பழகிய விஷயமும்கூட. சின்ன வயதில் ஆகஸ்ட் 14 ராத்திரி எங்கள் வீட்டில் தீபாவளி மாதிரி இருக்கும். அப்பாவின் பெல்ட் பக்கிளை எடுத்து, பிராசோ தொட்டு, பழைய பனியன் துணியால் தேய்ப்பது என் வேலை. கறுப்பாக அழுக்கு வரும், துடைத்தால் உள்ளேயிருந்து தங்கம் மாதிரி மஞ்சள் எழும்பும். ஷூவுக்கு அவரே பாலிஷ் போடுவார், தண்ணீர் தொட்டுத் தொட்டு முகம் தெரிகிற வரைக்கும். மறுநாள் அணிவகுப்பு மைதானத்தில் த்ரீ நாட் த்ரீ முனையில் பயனெட் மாட்டி வரிசையாக நிற்பார்கள். வெயிலில் மொத்த வரிசையும் ஒரே நேரத்தில் மின்னும். அதில் எங்கப்பா எது என்று என்னால் கண்டுபிடிக்க முடியாது. எல்லாரும் ஒரே மாதிரி இருப்பார்கள். அம்மா தோராயமாக ஒரு பக்கம் கையைக் காட்டுவார், நான் அந்தப் பக்கம் பார்த்துக் கையாட்டுவேன்.

*

நான் முதலில் வாங்கிய அந்த மான்கொம்புக் கத்தியின் முத்திரை ஒரு தராசு. கூடவே ‘ஆல்கோசோ’ என்ற சொல்.

ரொம்ப நாள் அதை வியாபார நேர்மையின் அடையாளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நம்மூர் மளிகைக்கடை போர்டில் தராசு போடுவதில்லையா? ஒருநாள்தான் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தேன். அலெக்ஸாண்டர், கோப்பல், ஸோலிங்கன். மூன்றின் முதலெழுத்துகள் சேர்ந்தது ஆல்கோசோ.

கோப்பல்கள் யூதர்கள். 1821இல் தொடங்கிய தொழிலகம். ஸோலிங்கனின் பெரிய குடும்பங்களில் ஒன்று. ஊருக்கு நிறையச் செய்தவர்கள். நாஜிகள் வந்த பிறகு யூதர்களின் தொழில்கள் ‘ஆரியமாக்கம்’ என்ற பெயரில் பறிக்கப்பட்டபோது அவர்களுடையதும் போனது. தராசு மட்டும் போகவில்லை, முத்திரை நல்ல பெயரெடுத்த முத்திரை ஆயிற்றே. நிறுவனத்தை நடத்திய பேரன், தாத்தாவின் பெயரே வைக்கப்பட்ட டாக்டர் அலெக்ஸாண்டர் கோப்பல், தெரேசியன்ஸ்டட் முகாமுக்கு அனுப்பப்பட்டு 1942இல் அங்கேயே இறந்தார். அப்போது அவருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது.

ரயில்களில் யூதர்களை ஏற்றி அனுப்பும்போது காவலுக்குப் போனது யார்? பெரும்பாலும் சாதாரண நகரக் காவலர்கள். இடுப்பில் இந்த மாதிரிக் கத்தியைத் தொங்கவிட்டு விழாக்களில் நடந்தவர்கள்.

இதைப் படித்தபோது நான் உட்கார்ந்திருந்த இடத்தையும் சொல்ல வேண்டும். நான் படித்த கல்லூரியின் நூலகம் டேரன்டோர்ஃபில், பழைய மாட்டுச் சந்தைக் கூடத்தில் இருக்கிறது. பக்கத்தில் நகரத்தின் இறைச்சிக்கூடம் இருந்த இடம். 1941 முதல் 1944 வரை அந்த வட்டாரத்து யூதர்கள் ஏறக்குறைய ஆறாயிரம் பேரை அங்கேதான் கொண்டுவந்து ஓரிரவு அடைத்து, மறுநாள் சரக்கு நிலையத்திலிருந்து ரயிலேற்றினார்கள். இப்போது அங்கே ஒரு நினைவிடம் இருக்கிறது. இரண்டு வருடம் அதைத் தாண்டித்தான் காபி குடிக்கப் போயிருக்கிறேன். 1941 டிசம்பரில் ரீகாவுக்குப் போன ரயிலில் 1007 பேர். காவல் அதிகாரி ஸாலிட்டர் என்பவர் அந்தப் பயணத்தைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிய அறிக்கை இன்றும் இருக்கிறது. கவனமான, சிரத்தையான அறிக்கை. காவலர்கள் இருந்த பெட்டியில் கதகதப்பு போதவில்லை என்ற குறையும் அதில் உண்டு.

வீட்டுக்கு வந்து மற்ற இரண்டு கத்திகளையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டுமே திருத்தப்பட்டவை. அதாவது 1933க்கு முன், வைமார் குடியரசுக் காலத்தில் செய்தவை. நாஜிகள் வந்ததும் பட்டறைக்குப் போய், சிப்பிக் காப்பு கழற்றப்பட்டு, அலகு குட்டையாக்கப்பட்டு, மான்கொம்பில் துளை போட்டுப் புதிய கழுகுச் சின்னம் பதிக்கப்பட்டுத் திரும்பி வந்தவை. கழுகின் காலில் ஸ்வஸ்திகா. சந்தையில் விற்கிறவர்கள் சட்டத்துக்குப் பயந்து அதன் மேல் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். சேகரிப்பவர்கள் மத்தியில் இந்தத் திருத்தம் ஒரு சுவாரஸ்யமான வகை, அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அன்றைக்கு வேறு மாதிரி தெரிந்தது. அதே இரும்பு, அதே கொம்பு. இடுப்பும் அநேகமாக அதே இடுப்பு. ஆட்சி மாறியபோது வேலையை விட்டுப் போனவர்கள் கொஞ்சம்தான். மிச்சம் பேர் கத்தியைக் கொடுத்து, திருத்தி, வாங்கி மாட்டிக்கொண்டார்கள்.

குத்தாத கத்திதான். ஆனால் நிரபராதம் என்ற சொல் அதற்குப் பொருந்தவில்லை.

*

கிறிஸ்டோபர் பிரவுனிங் எழுதிய ‘ஆர்டினரி மென்’ என்ற புத்தகத்தை அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். ஹாம்பர்க்கைச் சேர்ந்த 101ஆம் ரிசர்வ் போலீஸ் பட்டாலியனைப் பற்றியது. ஏறக்குறைய 500 பேர். வெறிபிடித்த இளைஞர்கள் இல்லை. குடும்பஸ்தர்கள், நடுத்தர வயது, துறைமுகத் தொழிலாளி, லாரி டிரைவர், குமாஸ்தா. 1942 ஜூலை 13, போலந்தில் யோஸெஃபோவ் என்ற சிற்றூர். அதிகாலையில் வரிசையாக நிறுத்தி, மேஜர் ட்ராப் கண்ணீரோடு உத்தரவைச் சொல்கிறார்: ஆண்களில் வேலைக்கு ஆகிறவர்களைப் பிரித்துவிட்டு மற்றவர்களை, பெண்கள் குழந்தைகள் உட்பட, சுட வேண்டும். அதோடு, முடியாது என்று நினைக்கிற வயதானவர்கள் இப்போதே வரிசையை விட்டு வெளியே வரலாம் என்கிறார். வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அன்று குறைந்தது 1500 பேர் கொல்லப்பட்டார்கள். சுடுவதற்கு எங்கே குறிவைப்பது என்று பட்டாலியனின் மருத்துவரே சொல்லிக்கொடுக்கிறார். துப்பாக்கியில் பயனெட்டை மாட்டி, முதுகெலும்பில், தோள்பட்டைக்கு மேலே அதன் நுனியை வைத்துக்கொண்டால் குறி தவறாது.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடினேன். பதிப்புப் பக்கம் கண்ணில் பட்டது. 1992.

1992 என்றால் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு வேறு ஒரு நினைவு வரும். வரவேண்டும்.

அந்த வருடம் ஜூன் 20. அரூர் வட்டத்தில், சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி என்ற பழங்குடிக் கிராமம். சந்தனக் கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் உள்ளே போனார்கள். வழக்கில் சேர்க்கப்பட்டவர்கள் வனத்துறையில் 155, காவல்துறையில் 108, வருவாய்த்துறையில் 6. மொத்தம் 269 பேர். வீடுகளை உடைத்தார்கள், ஆட்களை அடித்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார்கள். நீதிமன்றம் போய், சிபிஐ விசாரித்து, தருமபுரி அமர்வு நீதிமன்றத்தில் தீர்ப்பு வர 19 வருடம் ஆனது. அதற்குள் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு. அவர்களில் 17 பேர் மீது வன்கொடுமைக் குற்றம் நிரூபணமானது.

அன்றைக்கு நான் காலேஜ் லீவில் வீட்டில் இருந்தேன். அப்பாவுக்கு நீதிமன்றத்தில் பந்தோபஸ்து. இரவு வெகுநேரம் கழித்து வந்தார். பெல்ட்டைக் கழற்றி எப்போதும் ஆணியில் மாட்டுகிறவர், அன்று தரையில் போட்டார். குளித்தார். அம்மா களி கிண்டி வைத்திருந்தார், சாப்பிடவில்லை. “தெரிஞ்ச மூஞ்சிங்க,” என்று மட்டும் சொன்னதாக ஞாபகம். நான் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தத்தைக் குறைத்துவிட்டு, பிறகு சேனலை மாற்றினேன்.

1992இல் அப்பா மாவட்ட ஆயுதப்படையில் இருந்தார். எனக்கு இரண்டு வயது. இந்த இரண்டு வாக்கியத்தையும் நான் எப்போதும் தனித்தனியாகத்தான் வைத்திருந்தேன், சேர்த்துப் பார்த்ததில்லை. எங்கோ செத்துப்போன ஒரு ஜெர்மன் போலீஸ்காரன் எந்த ஊரில், எந்தப் பிரிவில் இருந்தான் என்று ராத்திரி முழுக்கப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியவன், தன் வீட்டு ஆளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

*

2023 செப்டம்பர் 29. சரியாகப் பன்னிரண்டு வருடம் கழித்து அதே தேதியில், மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றது. அந்த டிசம்பரில் ஊருக்கு வந்தேன்.

மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். அப்பா தட்டில் களி, கீரைக் கடைசல். ரிட்டயர் ஆன பிறகு மனிதர் நிதானமாகச் சாப்பிடப் பழகியிருந்தார். நான் மனசுக்குள் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் நேராகக் கேட்டேன்.

“வாச்சாத்திக்கு நீங்க போனீங்களாப்பா?”

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. உருட்டிய உருண்டையைக் குழம்பில் தொட்டு, முழுங்கி, தண்ணீர் குடித்தார்.

“இத்தன வருஷம் கழிச்சு இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?”

நான் பேசவில்லை.

“போகல. அந்த மாசம் எனக்கு மஞ்சக்காமாலை. மெடிக்கல் லீவுல இருந்தேன். உங்கம்மாவக் கேளு, கீழாநெல்லி அரைச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தா.”

எனக்குள் ஏதோ ஒன்று இறங்கியது. அதை நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும். அது முகத்தில் தெரிந்திருக்கும் போல. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“லீவு இல்லன்னா போயிருப்பேன்டா.”

“...”

“ரோல் கால்ல பேரு கூப்டா வண்டில ஏறுறதுதான். எங்க போறோம்னுகூடக் கேக்க மாட்டோம். ஏறி ஒக்காந்தப்பறம் டிரைவர் சொல்லுவான்.”

“ஏறிப் போறது வேறப்பா. அங்க போயி...”

“அதத்தான் நானும் முப்பது வருஷமா நெனச்சு நெனச்சுப் பாக்கறேன். நான் அந்த மாதிரி ஆளு இல்ல, பண்ணியிருக்க மாட்டேன்னு சொன்னா உனக்கு நல்லாருக்கும். எனக்கும் நல்லாத்தான் இருக்கும். ஆனா போனவங்கள்ல எனக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன், எங்கூட ஒரே தட்டுல சாப்ட்டவன். உன்னத் தூக்கி வெச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டெல்லாம் சுத்துவான். அவனும் அந்த மாதிரி ஆளு இல்ல.” கொஞ்ச நேரம் கழித்து, “பண்ணாம சும்மா நின்னுருப்பேன்னு வெய்யி. நின்னவனும் நின்னவன்தான?” என்றார்.

தட்டில் கை கழுவினார். கீழே அம்மா யாருடனோ போனில் பேசுகிற சத்தம் கேட்டது.

அந்த ஊரில் வரிசையை விட்டு வெளியே வந்த பத்துப் பன்னிரண்டு பேரைப் பற்றி அவரிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். “அவங்கள என்ன பண்ணாங்க?” என்றார்.

“ஒண்ணும் பண்ணல. வேற வேல குடுத்தாங்க.”

“ஒண்ணும் பண்ணலயா?” என்று இன்னொரு தடவை கேட்டார். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

*

நான்கு நாள் கழித்து, பென்னாகரம் பக்கம் இருக்கும் அப்பாவின் ஊருக்குப் போனோம். ஊருக்கு வெளியே, வேப்ப மரத்தடியில் எங்கள் வேடியப்பன் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமெல்லாம் வேடியப்பன் என்று கும்பிடுவதில் நிறைய நடுகற்கள்தான். ஆநிரையை மீட்கப் போய்ச் செத்த யாரோ ஒருவன். ஒரு கையில் வில், இன்னொரு கையில் வாள். எழுத்துள்ள கல் என்றால் வட்டெழுத்தில் எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர்த் தொறுவை மீட்டான், இன்னார் மகன் இன்னான் ‘பட்டான்’ என்று இருக்கும். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர்க் கல்லில் எஜமானோடு நின்ற நாய்க்குக்கூடப் பெயர் போட்டிருக்கிறார்கள். கோவிவன்.

எங்கள் கல்லில் எழுத்து இல்லை. இருந்து தேய்ந்துவிட்டதோ என்னவோ. தலைமுறை தலைமுறையாக எண்ணெய் ஊற்றி ஊற்றி வாளும் கையும் ஒன்றாகக் கறுத்து மழுங்கியிருக்கின்றன. பழக்கதோஷத்தில் போனில் டார்ச் போட்டுச் சாய்வாக அடித்துப் பார்த்தேன். அப்பா சிரித்தார்.

“இங்கயும் நம்பர் தேடுறியா?”

கத்திகளை என்ன செய்தாய் என்று அப்போதுதான் கேட்டார். விற்கவில்லை என்றேன். விற்றால் இன்னொருவர் கண்ணாடிப் பெட்டிக்குப் போய், அங்கே இன்னும் நன்றாகப் பளபளக்கும். புதிதாக வாங்குவதை மட்டும் நிறுத்தியிருந்தேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்ன அட்டை வைத்திருக்கிறேன். தராசு போட்டதன் அட்டையில் செய்தவர் கோப்பல் குடும்பம் என்றும், பறிக்கப்பட்டது என்றும், 1942, தெரேசியன்ஸ்டட் என்றும் எழுதியிருக்கிறேன். மற்ற இரண்டில் எப்போது செய்தது, எப்போது திருத்தியது, எந்தப் பிரிவு. ஸ்டிக்கரை எடுத்துவிட்டேன், என் வீட்டுக்குள் அதை மூடி வைப்பதில் அர்த்தம் தெரியவில்லை. மூன்றிலும் கடைசி வரி ‘அணிந்தவர்’ என்று ஆரம்பித்துக் காலியாக இருக்கிறது.

“பேரு கண்டுபுடிக்க முடியலயா?”

“முடியலப்பா. கத்தில நம்பர்தான் இருக்கு.”

அப்பா கொண்டுவந்திருந்த எண்ணெயைக் கல்லின் தலையில் ஊற்றினார். அது வில்லில் இறங்கி, வாளில் இறங்கி, காலடி மண்ணில் ஊறுகிற வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

“எனக்கும் நம்பர்தான் இருந்துச்சு,” என்றார்.